உப்புத் தண்ணீர்

வறட்சியில் வாடும் ஊரில் ஒருவர் மூழ்கிச் சாகிறார். பிணம் கிடைத்தது நகரத்தின் நன்னீர்த் தேக்கத்தில். நுரையீரலில் இருந்ததோ உப்புத் தண்ணீர். 1974இல் வெளிவந்த ‘சைனாடவுன்’ படத்தின் முடிச்சு இதுதான். ராபர்ட் டவுன் எழுதி ரோமன் போலான்ஸ்கி இயக்கிய இப்படத்தில் இறந்துபோகிறவர் ஹாலிஸ் மல்ரே, லாஸ் ஏஞ்சலஸ் நகர நீர்த்துறையின் தலைமைப் பொறியாளர். கதை நடக்கும் ஆண்டு 1937. சாவைத் துருவும் ஜேக் கிட்டிஸ், சைனாடவுன் பகுதியில் போலீஸ்காரராக இருந்து, பிறகு தனியார் துப்பறிவாளர் ஆனவர்.

அவருடைய பிழைப்பு கள்ளத் தொடர்புகளைப் படமெடுத்துக் கொடுப்பது. ரேமண்ட் சாண்ட்லர் படைத்த மார்லோ விவாகரத்து வழக்குகளைத் தொடமாட்டார். காசில்லாவிட்டாலும் மானம் உண்டு என்ற வார்ப்பு அது. கிட்டிஸுக்கு அந்தக் கூச்சமெல்லாம் கிடையாது. மடிப்புக் கலையாத சூட், உதவிக்கு ஆட்கள், பளிச்சென்ற அலுவலகம். ஜாக் நிக்கல்சன் அவரைத் தொழில் கர்வம் உள்ள ஆளாகவே நடித்திருக்கிறார். தொழிலும் கைவந்ததுதான். ஒரு கார் எத்தனை மணிக்குக் கிளம்பியது என்று தெரிய வேண்டுமா? மலிவான கடிகாரத்தை டயருக்கடியில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். நசுங்கி நின்ற நேரமே சாட்சி. இருட்டில் ஒரு காரைத் தொடர வேண்டுமானால் அதன் பின்விளக்கு ஒன்றை முன்னதாகவே உடைத்துவிடுவார். பதிவு அலுவலகத்தில் ஏட்டின் தாளைக் கிழிக்கும்போது சத்தம் கேட்காமலிருக்க இருமுவார்.

நுவார் என்ற பெயரை 1946இல் பிரெஞ்சு விமர்சகர்கள் அமெரிக்கக் குற்றப்படங்களுக்குச் சூட்டினார்கள். இருட்டு, கறுப்பு வெள்ளை, ஈரத் தெரு, நாயகனின் பின்னணிக் குரல் என்று அதற்கொரு முகம் உண்டு. ‘சைனாடவுன்’ பெரும்பாலும் கண்கூசும் கலிபோர்னியா வெயிலில், அகலத்திரை வண்ணத்தில் நடக்கிறது. பின்னணிக் குரல் கிடையாது. அதற்குப் பதில் கேமரா நாயகனை விட்டு அகலுவதே இல்லை; அவர் தெரியாத காட்சி படத்தில் இல்லை. அவர் அடிபட்டு மயங்கினால் திரையும் இருண்டுவிடுகிறது. அவருக்குத் தெரிந்ததற்கு மேல் பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது. பார்ப்பவரும் அவரோடு சேர்ந்து ஏமாறுகிறார் என்பதில்தான் படத்தின் சூட்சுமம் இருக்கிறது.

மல்ரே வீட்டுத் தோட்டத்தில் ஒரு குளம். புல் கருகுவதைக் காட்டி, ஜப்பானியத் தோட்டக்காரர் அது புல்லுக்கு ஆகாது என்கிறார். ஆங்கிலத்தில் புல் ‘கிராஸ்’; அவர் வாயில் அது ‘கிளாஸ்’ என்று வருகிறது. கிட்டிஸ் அந்த உச்சரிப்பைக் கிண்டலடித்துவிட்டு நகர்கிறார். புல்லைக் கருக்கியது குளத்தின் உப்புநீர் என்பதும், அதே குளத்தின் அடியில் ஒரு மூக்குக் கண்ணாடி கிடப்பதும் வெகுநேரம் கழித்துத்தான் உறைக்கின்றன. கண்ணாடி கைக்கு வந்ததும் அது இறந்தவருடையது என்று முடிவு கட்டி, அவர் மனைவி ஈவ்லினைக் கொலைகாரியாக்கி, போலீஸுக்கும் சொல்லிவிடுகிறார். கொலை நடந்த இடம் சரி, விதம் சரி. கண்ணாடி மட்டும் வேறொருவருடையது. கணவர் இருகுவியக் கண்ணாடி அணிந்ததே இல்லை என்று ஈவ்லின் சொல்லும்போது கிட்டிஸ் மூட்டிவிட்ட காரியம் கைமீறிப் போயிருக்கிறது. கடிகாரத்தையும் டயரையும் படிக்கத் தெரிந்தவருக்கு, எதிரில் நடுங்கும் பெண்ணின் முகம் பிடிபடவில்லை. ஃபே டனவே அந்த நடுக்கத்தைக் குற்ற உணர்ச்சி போலவே தோன்றும்படி நடித்திருப்பது பெரிய வித்தை. அவள் ஒளிப்பது கொலையை அல்ல. தன் தந்தையால் தனக்கு நேர்ந்ததை, அதில் பிறந்த பெண்ணை.

அந்தத் தந்தை நோவா கிராஸ். ‘தி மால்ட்டீஸ் ஃபால்கன்’ படத்தை 1941இல் இயக்கி, திரைத் துப்பறிவாளருக்கு அச்சு வார்த்துக் கொடுத்த ஜான் ஹூஸ்டனே இவ்வேடத்தில் வருகிறார். கிராஸ் செய்யும் மோசடி எளிது. இரவில் நகரத்துத் தண்ணீரைத் திறந்து வீணாக்கி வறட்சியைக் கூட்டுவது. பள்ளத்தாக்கு விவசாயிகளைக் காயவைத்து நிலத்தை அடிமாட்டு விலைக்கு வாங்குவது. பத்திரத்தில் முதியோர் இல்லத்துக் கிழவர்களின் பெயரைப் போடுவது. பிறகு மக்கள் வரிப்பணத்தில் அணை கட்டி அந்நிலத்துக்கே தண்ணீர் விடுவது.

இதற்கு நிஜ வேர் உண்டு. கிழக்கு கலிபோர்னியாவின் ஓவன்ஸ் பள்ளத்தாக்கிலிருந்து 233 மைல் கால்வாய் வழியே லாஸ் ஏஞ்சலஸுக்கு 1913இல் தண்ணீர் வந்தது. கட்டியவர் வில்லியம் முல்ஹாலண்டு; மல்ரே என்ற பெயரில் அவர் சாயல் தெரியும். தண்ணீர் வருமுன்பே நகரத்துக்கு வடக்கிலுள்ள சான் ஃபெர்னாண்டோ பள்ளத்தாக்கில் பெரும்புள்ளிகள் சேர்ந்து நிலம் வளைத்தார்கள். பத்திரிகை அதிபர் ஹாரிசன் கிரே ஓட்டிஸ் அவர்களில் ஒருவர். தண்ணீரை இழந்த ஓவன்ஸ் விவசாயிகள் 1920களில் கால்வாயை வெடிவைத்துத் தகர்த்தார்கள். 1928இல் முல்ஹாலண்டு கட்டிய செயின்ட் பிரான்சிஸ் அணை உடைந்து 400க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அன்றுதான் அவர் அதைப் பார்வையிட்டுவிட்டுப் போயிருந்தார். படத்தில் மல்ரே புதிய அணையை எதிர்ப்பதற்குக் காரணமாகச் சொல்லப்படும் பழைய விபத்து இதன் நிழல். டவுன் கால்வாய்க் கதையைக் கால் நூற்றாண்டு தள்ளி 1937இல் கொண்டுவந்து வைத்தார். வரலாற்றாசிரியர்கள் முணுமுணுக்கலாம்; 1930களின் தொப்பியும் காரும் இல்லாமல் இப்படத்தை நினைக்க முடியவில்லை.

கிட்டிஸின் மூக்கைக் கத்தியால் கீறும் குள்ள ரவுடியாக போலான்ஸ்கியே வருகிறார். நாயகன் படத்தின் கணிசமான பகுதியை மூக்கில் கட்டோடு கழிக்கிறார். நட்சத்திர முகத்தை அப்படி மறைக்க ஒப்பிய தயாரிப்பாளர் ராபர்ட் எவன்ஸின் தைரியத்தைப் பாராட்டலாம். ஜெர்ரி கோல்ட்ஸ்மித்தின் தனி டிரம்பெட் இசை பத்து நாளில் எழுதப்பட்டது.

முடிவுதான் தகராறாயிற்று. டவுன் ஈவ்லினைப் பிழைக்கவைக்க விரும்பினார். 1969இல் இதே நகரத்தில் மனைவியைக் கொலைக்குப் பறிகொடுத்த போலான்ஸ்கி ஒப்பவில்லை. படமான முடிவில் சைனாடவுன் தெருவில் ஈவ்லின் சுடப்படுகிறாள். குண்டு பாய்வது கண்ணில். முன்பொரு காட்சியில் அவள் கருவிழிப் படலத்தில் கிட்டிஸ் கவனித்த சிறு கரும்புள்ளி அப்போது நினைவுக்கு வரும். கிராஸ் பேத்தியை அணைத்து அழைத்துப் போகிறார், யாரும் தடுக்கவில்லை. ஆஸ்காருக்கு 11 பரிந்துரைகள் கிடைத்த படம் வென்றது ஒன்றே ஒன்று: சிறந்த மூலத் திரைக்கதை. அதை வாங்கிக்கொண்டவர் அந்த முடிவை எதிர்த்த டவுன்.