பொதிகை டிக்கெட்டுக்குள் ஒரு பழைய மொழி

ராயகிரியிலிருந்து சென்னைக்குப் போக, சங்கரன்கோவிலில் பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறுகிறவர்கள் இப்போது கவுன்ட்டர் வரிசையில் நிற்பது குறைவு. போனிலேயே டிக்கெட் போட்டுவிடுகிறார்கள். ஐ.ஆர்.சி.டி.சி. இணையத்தில் இதைத் தொடங்கியது 2002-ல். ஆப் அதற்கும் பிறகு. ஆனால் 'எஸ்-4, லோயர் பெர்த்' என்று ஒதுக்கித் தருவது அந்த ஆப் இல்லை. அதற்குப் பின்னால் இருக்கும் ரயில்வேயின் முன்பதிவு அமைப்பு. 'கன்சர்ட்' என்ற பெயரில் 1990-களில் நடைமுறைக்கு வந்த அந்த மென்பொருள், ஃபோர்ட்ரானிலும் சி மொழியிலும் எழுதப்பட்டது. ஃபோர்ட்ரான் வெளிவந்த வருஷம் 1957!

ராயகிரியில் ஒரு வீட்டுக்கு இந்தக் கதை உபயோகப்பட்டது. பட்டப்படிப்பு முடித்த மகள், சென்னையில் பைத்தான் கோர்ஸ் சேரப் பணம் கேட்டாள். நகையை அடகு வைத்தால்தான் முடியும். அப்பாவுக்கு மனசு ஒப்பவில்லை.

"நாளைக்கே வேற மொழி வந்து இதைத் தூக்கிச் சாப்பிட்டுட்டா, வச்ச நகை?"

ஊருக்கு வந்திருந்த சித்தப்பா சிரித்தார். "அண்ணே, பைத்தானே 1991-ல வந்ததுதான். நம்ம பாப்பாவை விட மூத்தது."

அவர் 2000-ம் ஆண்டுப் பிரச்னை சமயத்தில், சென்னையில் கோபால் புரோகிராம்களைத் திருத்தியவர். (தமிழில் எழுதினால் நம்மூர் ஆள் பெயர் மாதிரியே இருக்கும்!) 1959-ல் உருவாகத் தொடங்கிய மொழி அது. வருஷத்தை இரண்டே இலக்கத்தில் எழுதிவைத்த பழைய புரோகிராம்கள் 2000 பிறந்ததும் குழம்பிவிடும் என்ற பயம் அப்போது. 2020 ஏப்ரலில் கொரோனா வந்து, வேலையிழந்தோர் விண்ணப்பங்கள் குவிந்தபோது, அமெரிக்காவின் நியூ ஜெர்சி கவர்னர் ஃபில் மர்ஃபி, கோபால் தெரிந்தவர்கள் உதவிக்கு வரவேண்டும் என்று வெளிப்படையாகவே கேட்டார்.

பாசத்தால் யாரும் பழைய மொழியை வைத்திருக்கவில்லை. வெயிட்டிங் லிஸ்ட் எப்படி நகர வேண்டும், எந்தக் கோட்டாவில் எத்தனை இடம், மூத்த குடிமக்களுக்கு எந்த பெர்த் என்று ஒவ்வொரு விதியாகப் பல வருஷம் சேர்த்தது அந்த மென்பொருளுக்குள் இருக்கிறது. மாற்றி எழுதும்போது ஒன்று விட்டுப்போனாலும் பிளாட்பாரத்தில் சண்டைதான். ரயில்வே முன்பதிவு அமைப்பைப் புதுப்பிக்கும் வேலை 2025-ல்தான் வேகமெடுத்தது.

நிஜமாகவே ஒதுங்கிப்போன மொழிகளும் உண்டு. கம்ப்யூட்டர் சென்டர்களில் ஒரு தலைமுறையே பணம் கட்டிப் படித்த விஷுவல் பேசிக் 6-ஐ, மைக்ரோசாஃப்ட் 2008-ல் கைகழுவிவிட்டது. ஒரே கம்பெனியின் கையில் இருந்த மொழிக்கு அந்த ஆபத்து எப்போதும் உண்டு. பைத்தான் அப்படி இல்லை.

"அப்ப நான் கோபாலே படிக்கட்டா, சித்தப்பா?"

"வேண்டாம்மா. புதுசா ஆரம்பிக்கிற வேலைக்கு அதை யாரும் எடுக்கதில்ல. நீ பைத்தானே படி. ஆனா நகையை எதுக்கு வைக்கணும்? ஐ.ஐ.டி.காரங்க பாடம் என்.பி.டி.இ.எல்.-ல சும்மாவே கிடைக்கு. பரீட்சை எழுதினாத்தான் பணம்."

நகை பீரோவிலேயே இருக்கிறது. அவள் மூன்றாவது வாரப் பாடத்தில் இருக்கிறாள்.