அச்சும் ஆளும்

ஓசூர் ஆலைகளிலே உருப்படிகள் ஒரே அச்சில் வார்க்கப்படுகின்றன. இயந்திரத்துக்கு அது தேவை. மனிதனுக்குமா? ஆம் என்கிறது வெள்ளித்திரை!

2010-இல் ‘கோவா’ என்னும் நகைச்சுவைப் படம் இரு ஆண்களின் காதலைக் காட்டத் துணிந்தது. ஆயினும் அரங்கிலே எழுந்த சிரிப்பு எதற்கு? நடைக்கு! நளினத்துக்கு! 2015-இல் ‘ஐ’ வந்தது. உடற்கட்டு வீரனான நாயகனுக்குக் கைதட்டல். அவனை விரும்பிய திருநங்கைக்கோ கேலி! திருநங்கையர் கண்டனக் குரல் எழுப்பினர்.

வயது வந்தோரின் மனமொத்த உறவு குற்றமன்று என 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டம் விடுவித்தது, சிரிப்பு விடுவிக்கவில்லை. அதற்கு அஞ்சியே, நம்மோடு இயந்திரத்தருகே நிற்கும் இளைஞன் குரலைக் கனமாக்குகிறான், நடையை விறைப்பாக்குகிறான்.

பிறப்பால் இழிவு இல்லை என்று முழங்கும் நாம், உடலால் இழிவு உண்டென்பதை ஏற்கலாமா? தோழர்களே, கேலிக்குக் கைதட்ட மறுப்போம். அவன் தன் நடையிலேயே ஆலைக்கு வரட்டும்!