சேற்றில் யானை

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் நாற்பது கிலோமீட்டர்கூட இல்லை. அடுத்த முறை ஐப்பசி, கார்த்திகையில் அந்தப் பக்கம் பஸ்ஸில் போனால், கூட்டேரிப்பட்டு தாண்டியதும் செல்போனைக் கீழே வைத்துவிட்டு வயலைப் பாருங்கள். (ஓட்டுகிறவராக இருந்தால் வேண்டாம், ரோட்டையே பாருங்கள்.) எங்கேயாவது ஒரு டிராக்டர் சேற்றுழவு ஓட்டிக்கொண்டிருக்கும். அதன் பின்சக்கரத்தில் இரும்புக் கூண்டு போல ஒன்று மாட்டியிருக்கும். கேஜ் வீல்.

அது எதற்கு என்று விக்கிரவாண்டிப் பக்கம் ஒரு டிராக்டர்காரரைக் கேட்டேன். ‘‘வண்டி எவ்ளோ வெயிட்டுன்றது முக்கியம் இல்ல சார். அந்த வெயிட்டு எவ்ளோ எடத்துல உக்காருதுன்றதுதான் முக்கியம்’’ என்றார்.

ராணுவ டாங்க் செய்கிறவர்களின் தலைவலியில் பாதி இந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது.

உங்களுக்கு ஒரு கேள்வி. உங்கள் கார், நம் ஆவடியில் செய்யும் அர்ஜுன் டாங்க். இரண்டில் எது மண்ணை அதிகம் அழுத்துகிறது? டாங்க் என்றுதான் சொல்வீர்கள். அர்ஜுனின் முதல் வடிவம் 58.5 டன் ஆயிற்றே! ஆனால், விடை கார். கார் டயரில் முப்பது பவுண்டு காற்று அடிக்கிறீர்கள் இல்லையா? ஏறக்குறைய அதே அழுத்தம்தான் தரையிலும் இறங்கும். சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 2 கிலோ. அர்ஜுனின் கணக்கு சுமார் 0.85 கிலோ. இருபுறமும் ஓடும் அகலமான இரும்புச் சங்கிலிப் பட்டை மொத்த எடையையும் பாய் விரித்த மாதிரி பரப்பிவிடுகிறது.

அப்படியானால் பட்டையை அகலமாக்கிவிட்டு, எவ்வளவு தடிமனாக வேண்டுமானாலும் கவசம் போடலாமே? அங்கேதான் மீதிப் பாதித் தலைவலி. சேறு, சதுர சென்டிமீட்டர் கணக்குப் பார்க்கும். பாலம் அப்படிப் பார்க்காது. அது மொத்த எடையைக் கேட்கும். டாங்கை ஏற்றிக்கொண்டு போகும் ரயில் வேகன், எடையோடு அகலத்தையும் கேட்கும். எஞ்சின், ஒரு டன்னுக்கு எத்தனை குதிரைத்திறன் என்று கேட்கும். அர்ஜுனின் எஞ்சின் 1,400 குதிரைத்திறன். 58.5 டன்னுக்கு அது டன்னுக்கு 24 குதிரை. 2021 பிப்ரவரியில் சென்னையில் ராணுவத்திடம் ஒப்படைக்கப்பட்ட அடுத்த வடிவம் மார்க்-1ஏ. கூடுதல் பாதுகாப்பும் வசதிகளும் சேர்ந்து எடை சுமார் 68 டன்னாகிவிட்டது. எஞ்சின் அதே 1,400. இப்போது டன்னுக்கு இருபதரை குதிரைதான். பாதுகாப்பு சும்மா வருவதில்லை. அதற்கான வாடகையை வண்டி தினமும் கட்டிக்கொண்டே இருக்கவேண்டும்.

அதனால்தான் டாங்குக்கு எல்லாப் பக்கமும் ஒரே கவசம் கிடையாது. எதிரியைப் பார்த்து நிற்கும் முகத்துக்குத் தடித்த கவசம், பக்கவாட்டில் குறைவு, பின்னால் இன்னும் குறைவு. கஞ்சத்தனம் இல்லை, கணக்கு. ஆவடியில் 1960களின் நடுவில் தொடங்கிய விஜயந்தா டாங்குகூட அப்படி ஒரு கணக்குதான். பிரிட்டனின் விக்கர்ஸ் வடிவம். பெரிய 105 மி.மீ. பீரங்கியை வைத்துக்கொண்டு, கவசத்தைக் குறைத்து, சுமார் 39 டன்னுக்குள் அடக்கினார்கள்.

இந்தக் கணக்கு தப்பினால் என்ன ஆகும்? 1965 செப்டம்பரில் பஞ்சாபில் அசல் உத்தர் என்ற கிராமத்தருகே நடந்ததைப் பாருங்கள். பாகிஸ்தானின் கையில் அமெரிக்கப் பேட்டன் டாங்குகள். அன்றைக்குப் பெரிய பெயர். வந்த இடமோ நம் விழுப்புரம் ஜில்லா மாதிரி கரும்புக்காடு. நம்மவர்கள் வாய்க்காலை உடைத்து வயலில் தண்ணீரைப் பாய்ச்சியிருந்தார்கள். பேட்டன்கள் சேற்றில் திணறின. ஒதுங்கப் பார்த்தவை பக்கவாட்டைக் காட்டின. கரும்புக்குள் மறைந்திருந்த இந்திய டாங்குகளுக்கு அது போதும். இந்தியக் கணக்கில் 97 பாகிஸ்தான் டாங்குகள் அங்கே அழிந்தன அல்லது பிடிபட்டன.

அதே களத்தில் அப்துல் ஹமீது, ஒரு திறந்த ஜீப்பில் பொருத்திய பீரங்கியோடு, சுட்டுவிட்டு இடம் மாறி, மறுபடி சுட்டு, பல டாங்குகளை வீழ்த்தினார். ஜீப்புக்குக் கவசம் என்று ஒரு தகடுகூட இல்லை. ‘பார்த்தீர்களா, வேகம்தான் பெரிது’ என்று முடிவுகட்டிவிடாதீர்கள். செப்டம்பர் 10-ம் தேதி அந்த ஜீப்பைக் குண்டு தாக்கியது. ஹமீதுக்குப் பரம்வீர் சக்ரா கிடைத்தது, அவர் இறந்த பிறகு. கவசம் இல்லாத வேகத்துக்கும் விலை உண்டு.

இன்னொரு சிக்கல் இதைவிட விஷமமானது. ரோட்டில் கண்ணிவெடி வைக்கிறார்கள். சரி என்று, படகின் அடிப்பாகம்போல ‘வி’ வடிவத் தகடு வைத்த வண்டி செய்கிறோம். வெடியின் வேகம் இரண்டு பக்கமும் சிதறிப்போகும். நல்ல யோசனைதான், நிறைய உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால், அந்த வண்டி கனமானது, உயரமானது. வரப்பு, ஓடை என்று இறங்கினால் கவிழும் அபாயம். ஆகவே ரோட்டிலேயே போகும். ரோட்டிலேயே போனால் எங்கே வரும் என்று எதிரிக்குத் தெரியும். அவன் இன்னும் பெரிய வெடியாக வைப்பான். நாம் இன்னும் தடித்த தகடு போடுவோம். அது இன்னும் ரோட்டைவிட்டு இறங்காது. இப்படியே சுற்றிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

2018 மார்ச் 13. சத்தீஸ்கரின் சுக்மாவில், கண்ணிவெடியைத் தாங்குவதற்கென்றே செய்த வண்டியை மாவோயிஸ்டுகள் தகர்த்தார்கள். சி.ஆர்.பி.எஃப். வீரர்கள் ஒன்பது பேர் இறந்தார்கள். அந்தக் காடுகளில் படையினர் பல இடங்களில் வண்டியை விட்டுவிட்டு நடந்தே போவது இதனால்தான். அமெரிக்கர்களுக்கும் ஆப்கானிஸ்தான் மலைப்பாதையில் இதே பாடம். ஈராக்குக்கு ஏற்ற கனத்த வண்டிகள் அங்கே தடுமாற, 2009-ல் அதைவிட லேசான, மேடுபள்ளம் ஏறும் வண்டியைத் தனியாகச் செய்ய வேண்டியிருந்தது.

2020-ல் லடாக்கில் சீனாவோடு மோதல் வந்தபோது, நாம் நாற்பது டன்னுக்கு மேற்பட்ட டி-72, டி-90 டாங்குகளை மேலே கொண்டுபோய் நிறுத்தினோம். காற்று மெலிந்த உயரத்தில் எஞ்சினுக்கே மூச்சு வாங்கும். அந்த அனுபவத்துக்குப் பிறகு ஆவடியின் போர் வாகன ஆராய்ச்சி நிறுவனமும் எல் அண்ட் டி-யும் சேர்ந்து ஜொராவர் என்ற லேசான டாங்கைச் செய்தார்கள். 2024 ஜூலையில் வெளியே காட்டினார்கள். எடை 25 டன் அளவு. 68 டன் ஒன்று, 25 டன் ஒன்று, இரண்டும் ஆவடி மூளை. எது நல்ல டாங்க் என்று கேட்டால், எங்கே என்று திருப்பிக் கேட்கவேண்டும்.

எங்கே என்பதோடு எப்போது என்பதும் உண்டு. 2024 டிசம்பர் ஆரம்பத்தில் ஃபெஞ்சல் புயலில், திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. சித்திரையில் கடப்பாரை இறங்காத மண் அன்றைக்குக் கூழ். ராணுவத்திலும் மண்ணில் கூர்முனைக் கம்பியை அழுத்தி, எவ்வளவு எதிர்ப்பு என்று அளந்து பார்க்கும் கருவி உண்டு. நம் விவசாயி குதிகாலால் மிதித்துப் பார்க்கும் அதே சங்கதி.

வள்ளுவர் இதை ‘இடனறிதல்’ அதிகாரத்தின் கடைசிக் குறளில் சொல்லிவிட்டார். வேல் வீரர்களுக்கே அஞ்சாத யானை, கால் புதையும் சேற்றில் மாட்டிக்கொண்டால் அதை நரி கொன்றுவிடும். யானையின் தோல் மெல்லியது என்று அவர் சொல்லவில்லை பாருங்கள். தோலைப் பற்றி யோசிப்பவர்கள் காலையும் யோசிக்கவேண்டும் என்கிறார்.

அர்ஜுனுக்குள் உட்காருவது நான்கு பேர். அதில் ஒருவன் செஞ்சிப் பக்கத்துப் பையனாகக்கூட இருக்கலாம். அவனுடைய அம்மாவைக் கேட்டால், இன்னும் நாலு விரற்கடை இரும்பு சேர்த்துப் போடுங்கள் என்பாள். நியாயம்தான். ஆனால், அந்த நாலு விரற்கடை, வண்டியை வயல் நடுவில் நிறுத்திவிட்டால் அவன் திரும்பி வருவதே சந்தேகம். இதை அந்த அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்பதற்கு மட்டும் எந்த எஞ்சினீயரிடமும் கணக்கு இல்லை.