நந்தினியின் கட்சி

ஆடி மாதம் மஞ்சூரில் மேகம் கேட்காமலேயே வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். குந்தா நீர்மின் திட்டம் பக்கத்திலேயேதான். ஆனால் காற்றில் ஒரு மரம் விழுந்தால் எங்களுக்கு கரன்ட் வர இரண்டு நாளாகும். அப்படி ஒரு மழையில்தான், ஒன்பதாம் வகுப்பில், அம்மாவின் 'பொன்னியின் செல்வ'னை மெழுகுவத்தி வெளிச்சத்தில் தொடங்கினேன்.

அப்பா இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. எங்கள் ஒன்றரை ஏக்கர் தேயிலை பெரியப்பா பெயருக்கு மாறியிருந்தது. "அண்ணன் தம்பிக்குள்ள கணக்கு இருந்துச்சு" என்றார். அவ்வளவுதான் விளக்கம். அம்மா எதுவும் பேசவில்லை.

வகுப்பில் நாவலைப் படித்தவர்கள் எல்லோரும் வந்தியத்தேவன் கட்சி. நான் நந்தினி கட்சி. கண்ணெதிரே வீரபாண்டியன் தலை வெட்டப்படுவதைப் பார்த்தவள். கிழவர் பெரிய பழுவேட்டரையரைக் கல்யாணம் செய்துகொண்டு சோழர்களின் அரண்மனைக்குப் பக்கத்திலேயே வந்து உட்காருகிறாள். மீன் சின்னம் பொறித்த வாளைக் கொஞ்சிக்கொண்டு காத்திருக்கிறாள். எனக்கு வாள் இல்லை, கணக்கு நன்றாக வரும். இன்ஜினியராகி, கை நிறையப் பணத்தோடு வந்து பெரியப்பா முன்னால் நிற்பேன் என்று முடிவு செய்தேன். என்ன பேசவேண்டும் என்பதைக்கூட எழுதி வைத்திருந்தேன்.

இப்போது பெங்களூரு புத்தகக் கடைகளில் 'ரொமான்டசி'க்கென்று தனி அடுக்கே இருக்கிறது. கொல்லவேண்டிய இளவரசனையே காதலிக்கும் பெண்கள் அட்டை அட்டையாக நிற்கிறார்கள். 1950லிருந்து 1954 வரை கல்கி வாராவாரம் எழுதியதும் ஏறக்குறைய இதுதான், மந்திரமும் டிராகனும்தான் இல்லை. ஒரு வித்தியாசம் உண்டு. கடம்பூர் மாளிகை இருட்டில் ஆதித்த கரிகாலன் செத்துக் கிடக்கிறான். யார் கை என்பதைக் கல்கி தீர்த்துச் சொல்வதில்லை. நான்கு பாகம் தாண்டிக் காத்திருந்த வாசகனுக்குப் பழிதீர்த்த திருப்தி கிடைக்காது. பதினான்கு வயதில் எனக்கு அது பெரிய ஏமாற்றம்.

நந்தினி கற்பனை. கொலை நிஜம். நாவல் தொடங்கும் வீரநாராயண ஏரிக்குப் பக்கத்தில், காட்டுமன்னார்கோவில் உடையார்குடிக் கோயிலில், ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் என்று துரோகிகளின் பெயர்களைச் சொல்கிறது. காலேஜில் அதைப் பற்றிப் படித்தபோது ஒரு விஷயம் உறுத்தியது. அந்தக் கல்லில் இருப்பது வாள்சண்டை இல்லை, நிலம். அவர்களுடைய, அவர்கள் உறவினர்களுடைய நிலங்களைப் பறித்த விவகாரம். அந்த உறவினர்களில் என்னைப் போல் ஒரு பையனும் இருந்திருப்பானோ என்று யோசித்தேன்.

போன வருடம் பெரியப்பா மகன் போன் செய்தான். "அப்பாவுக்கு முடியல. தோட்டத்த விக்கிறோம். நீ வாங்கிக்கிறியா?"

இருபது வருடம் ஒத்திகை பார்த்தவன் நான். போனேன். பெரியப்பா மங்கி குல்லா போட்டு வெயிலில் உட்கார்ந்திருந்தார். "பெங்களூர்ல மழையாடா?" என்றார். எழுதி வைத்த வசனம் ஒன்றும் வாயில் வரவில்லை. "இல்ல பெரியப்பா" என்றேன்.

விலையை அடித்துப் பேசலாம் என்றிருந்தேன். அம்மா விடவில்லை. "ஊர்ல என்ன விலையோ அதக் குடு."

"நம்ம நிலத்துக்கு நாமளே காசு குடுக்கணுமாம்மா? நீ அப்பவே சண்டை போட்டிருக்கலாம்ல?"

"போட்டிருந்தா, அந்த மழையில ராத்திரி உனக்குக் காய்ச்சல்னா யார் வீட்டுக் கதவத் தட்டியிருப்பேன்?"

அது எனக்கு இன்னும் முழுசாக ஏற்கவில்லை. பெரியப்பாவை மன்னித்தேன் என்றும் சொல்லமாட்டேன். பணம் கொடுத்தேன், பத்திரம் பதிந்தோம்.

தோட்டம் கவாத்து செய்து பல வருடமாகியிருந்தது. செடிகள் ஆள் உயரம். உள்ளே நுழைந்தால் எது எங்கள் எல்லை, எது பக்கத்துக்காரர் எல்லை என்றே தெரியவில்லை. பெரியப்பாவிடம்தான் போய்க் கேட்கவேண்டியிருந்தது.