பொனேர்த் தீவில் ஏழு நாட்கள்

தூத்துக்குடியில் பிறந்தவன் நான். கடலைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தேன். ஆயினும் கடலுக்குள் என்ன இருக்கிறது என்பதை 61 வயது வரை பார்த்ததில்லை. தில்லியில் 35 ஆண்டுகள் அரசாங்க உத்தியோகம் பார்த்தவனுக்குக் கடல் ஏது? அந்தக் குறை 2025ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், நான் பெயர்கூடக் கேள்விப்பட்டிராத ஒரு தீவில் தீர்ந்தது.

என் மகன் ஹூஸ்டன் நகரில் வேலை பார்க்கிறான். என் மனைவி காலமான பிறகு, "தில்லியில் தனியாக என்ன செய்கிறீர்கள், அப்பா? இங்கேயே வந்துவிடுங்கள்" என்று வாரந்தோறும் தொலைபேசியில் சொல்வான். நான் பேச்சை மாற்றிவிடுவேன். நமது சங்கத்து அன்பர்கள் பலருக்கு இந்தக் கேள்வி புதிதன்று. விடை சொல்லாமல் காலம் கடத்தும் வழிகளும் புதியவை அல்ல. மூன்று மாதம் தங்கி வருவதாகப் போயிருந்தேன். பேத்திக்குப் பள்ளி விடுமுறை வந்தது. மகன் எங்கள் எல்லோரையும் கூட்டிக்கொண்டு கரிபியன் கடலில் உள்ள பொனேர்த் தீவுக்குப் புறப்பட்டான். முதுகில் காற்றுக் கலத்தைச் சுமந்து நீருக்குள் மூச்சுவிட்டு உலவும் ஸ்கூபா என்னும் வித்தையில் அவன் தேர்ச்சி பெற்றவன். ஏழு நாள் சேர்ந்திருந்தால் அப்பாவிடம் ஒரு முடிவு கேட்டுவிடலாம் என்று எண்ணியிருக்க வேண்டும். ஆனால் அவன் என்னை அழைத்துச் சென்றதோ வாய் திறக்க முடியாத இடத்துக்கு!

ஹூஸ்டனிலிருந்து விமானத்தில் ஏறக்குறைய ஐந்து மணி நேரம். வெனிசுலா நாட்டின் கரைக்கு வடக்கே சுமார் 80 கிலோமீட்டர் தூரத்தில் தீவு கிடக்கிறது. நீளம் 40 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. மக்கள் தொகை 25,000 அளவில் இருக்கும். 2010 முதல் இது நெதர்லாந்தின் தனிவகை நகராட்சி. ஆனால் செலாவணியோ அமெரிக்க டாலர். கிராலெண்டைக் என்பது தலைநகர். அரை மணியில் நடந்து பார்த்துவிடலாம்.

பச்சைப் பசேலென்ற தென்னந்தோப்பை எதிர்பார்த்து இறங்கிய எனக்கு முதலில் ஏமாற்றமே. எங்கு பார்த்தாலும் கள்ளி, முள், வெள்ளாடு, கேட்பாரற்றுத் திரியும் கழுதை. விளாத்திகுளம் பக்கம் வந்துவிட்டோமோ என்று தோன்றியது. அந்த வறட்சிதான் தீவின் செல்வம் என்பது பிறகு விளங்கிற்று. ஆறு இல்லை, ஆகவே கடலில் சேறு கலப்பதில்லை. சூறாவளிகள் வழக்கமாகச் செல்லும் பாதைக்கும் தீவு தெற்கே ஒதுங்கியிருக்கிறது. மேற்குக் கரையில் அலை சாது. இத்தனையும் சேர்ந்து, கரையிலிருந்து சிறிது தூரம் நீந்தினாலே பவளப் பாறை தொடங்குகிறது. படகு வேண்டியதில்லை. சாலையோரத்தில் மஞ்சள் வண்ணம் பூசிய கற்களில் ஒவ்வொரு துறையின் பெயரையும் எழுதி வைத்திருக்கிறார்கள். வண்டியை நிறுத்திக் கலத்தை முதுகில் மாட்டிக்கொண்டு கடலுக்குள் நடந்து போக வேண்டியதுதான். வண்டியில் ஒரு பொருளையும் விட்டுவைக்காதீர்கள் என்று மட்டும் எல்லோரும் எச்சரிக்கிறார்கள். சொர்க்கத்திலும் திருடர் உண்டு போலும்.

தீவு மக்கள் பேசுவது பப்பியமெந்து மொழி. போர்ச்சுக்கீசியம், ஸ்பானியம், டச்சு, ஆப்பிரிக்க மொழிகள் எல்லாம் கலந்து பிறந்தது. "போன் பினி" என்றால் நல்வரவு. "டாங்கி" என்றால் நன்றி. விடைபெறும்போது "ஆயோ" என்கிறார்கள். கடைக்காரர்கள் சிரித்த முகத்துடன் எங்களைப் பார்த்து "ஆயோ, ஆயோ" என்றபோது, என்ன ஆபத்தோ என்று முதல் நாள் திடுக்கிட்டேன். "ஃபுஞ்சி" என்று ஒரு பண்டம் பரிமாறினார்கள். மக்காச்சோள மாவைக் கிண்டிய களிதான். புளிக்குழம்பு ஒன்றுதான் குறை.

நாங்கள் தங்கிய விடுதி சிறியது, பன்னிரண்டே அறைகள். முன்புறம் மரப் பாலம் ஒன்று கடலுக்குள் நீளும். அதன் அருகே மூழ்கு கருவிகளைக் கழுவும் தொட்டிகள். கடற்பூங்காவின் விதிகளைக் கேட்டுக்கொண்ட பிறகே எவரையும் மூழ்க விடுகிறார்கள். விதிகளின் சாரம் ஒன்றுதான்: எதையும் தொடாதே. கையுறை அணியவும் தடை. கையுறை இருந்தால் தைரியமாகப் பாறையைப் பிடிப்பார்களாம்!

இந்தக் கட்டுப்பாட்டுக்கு ஒரு சரித்திரம் உண்டு. 1961இலேயே ஆமைகளுக்குப் பாதுகாப்பு அளித்தார்கள். 1971இல் ஈட்டியால் மீன் குத்துவதைத் தடுத்தார்கள். 1975இல் பவளத்தை உடைத்து எடுப்பது குற்றமாயிற்று. 1979இல் தீவைச் சுற்றி 60 மீட்டர் ஆழம் வரையுள்ள கடல் முழுவதும் பூங்காவாயிற்று. 1962இல் பாய்மரக் கப்பலில் வந்து இங்கேயே தங்கிவிட்ட டான் ஸ்டூவர்ட் என்ற அமெரிக்கர் இதற்கெல்லாம் பெரிதும் துணை நின்றவர். அவரே முதலில் ஈட்டியும் கையுமாக மீன் வேட்டையாடியவர்தாம். நங்கூரம் பாறையை நொறுக்குகிறது என்பதால், படகுகளைக் கட்டுவதற்கு நிலையான மிதவைகளை அமைக்க முன்னின்றார். இதைக் கேட்டபோது எனக்கு எங்கள் ஊர் நினைவு வந்தது. எங்கள் கடற்கரையில் பவளக் கல்லை வெட்டி வந்து சுண்ணாம்பு சுடுவார்கள். நான் பிறந்த வீட்டுச் சுவரில் எத்தனை பவளம் இருந்ததோ!

மருத்துவச் சான்று காட்டிய பிறகு என்னையும் பயிற்சிக்குச் சேர்த்துக்கொண்டார்கள். கற்றுக்கொடுத்தவர் தீவிலேயே பிறந்த பெண்மணி. முதலில் இடுப்பளவு நீரில் மண்டியிட்டு வாயால் மூச்சுவிடப் பழகினேன். ஜாக் கூஸ்தோ, எமில் காஞ்ஞான் என்ற இரு பிரெஞ்சுக்காரர்கள் 1943இல் அமைத்த கருவியின் வழிவந்ததுதான் இன்றைய கருவியும். கலத்தில் அழுத்தி அடைத்த காற்றை, நாம் இருக்கும் ஆழத்துக்கு ஏற்ற அழுத்தத்தில், நாம் இழுக்கும்போது மட்டும் அது கொடுக்கிறது. பத்து மீட்டர் இறங்கினால் உடலின் மீதுள்ள அழுத்தம் இரு மடங்காகும். மூக்கைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஊதிக் காதைச் சமன் செய்ய வேண்டும். மூச்சை ஒருபோதும் அடக்கக் கூடாது. அடக்கிக்கொண்டு மேலே எழும்பினால் உள்ளிருக்கும் காற்று விரிந்து நுரையீரல் கிழியும்.

எங்கள் ஊர் முத்துக் குளிப்பவர்களுக்கோ மூச்சை அடக்குவது ஒன்றே வித்தை. காலில் கல்லைக் கட்டிக்கொண்டு இறங்கி, ஒரு நிமிடத்தில் சிப்பிகளை வாரிக்கொண்டு கயிற்றை அசைப்பார்கள். 1955 முதல் 1961 வரை நடந்த குளிப்பே கடைசி; அதன் பின் பிறந்தவன் நான். என் தந்தையார் பார்த்திருக்கிறார். கயிற்றைப் பிடிக்கத் தன் மைத்துனனையே வைத்துக்கொள்வார்களாம். தங்கை தாலியறுப்பதை எந்த அண்ணனும் விரும்ப மாட்டான் அல்லவா? இங்கே கயிறு இல்லை. துணை மூழ்குபவர் இருக்கிறார். ஒருவர் காற்றை மற்றவர் கவனித்துக்கொள்ள வேண்டும். என் துணை என் மகன்.

முதல் முழுக்கில் ஒரு விபரீதம். ஐந்து மீட்டர் இறங்கியதும் மகன் என்னைப் பார்த்துக் கட்டை விரலையும் ஆட்காட்டி விரலையும் சேர்த்துச் சின்முத்திரை காட்டினான். 'நலமா?' என்று பொருள். அதே முத்திரையை நான் திருப்பிக் காட்டியிருக்க வேண்டும். பதற்றத்தில் கட்டை விரலை உயர்த்தினேன். நீருக்கடியில் அதற்குப் பொருள் 'மேலே போக வேண்டும்' என்பது. பயிற்சியாளர் உடனே என் கையைப் பற்றி மேலே கொண்டுவந்துவிட்டார். "என்ன ஆயிற்று?" என்றார். "மிகவும் நன்றாக இருக்கிறது என்று சொன்னேன்" என்றேன். பேத்தி அதைச் சொல்லிச் சொல்லி இரவு வரை சிரித்தாள்.

இரண்டாம் முறை பன்னிரண்டு மீட்டர் வரை இறங்கினோம். என் போன்ற புதியவருக்கு அதுவே எல்லை. கண்டதை எப்படிச் சொல்வது! மூளையின் மடிப்புகளைப் போன்ற உருண்டைப் பவளங்கள். விசிறி போல் ஆடும் ஊதா நிறக் கடல் விசிறிகள். குழந்தை ஒளிந்துகொள்ளும் அளவுக்குப் பெரிய பீப்பாய்க் கடற்பஞ்சுகள். சிவப்பு நிறம் மட்டும் ஆழம் செல்லச் செல்ல மங்கிவிடுகிறது. விளக்கைப் பிடித்தால் பழையபடி சுடர்விடுகிறது. மௌன உலகம் என்பார்கள், அது சரியன்று. என் மூச்சே இரைச்சலாகக் கேட்டது. அதற்கிடையில் கரகரவென்று ஓர் ஓசை. கிளிமீன் பாறையைச் சுரண்டித் தின்னும் ஓசை அது. பாறை மேல் படரும் பாசியை அது மேய்வதால்தான் பவளத்துக்கு இடம் கிடைக்கிறது. தின்ற கல்லை மணலாகக் கழிக்கிறது. கரையில் நாம் உட்காரும் வெண்மணலில் ஒரு பங்கு அதன் உபயம்.

ஒரு பேராமை வந்தது. எங்களைப் பொருட்படுத்தாமல் கடந்து போயிற்று. நான் அதைப் பார்த்து அசைவற்று நின்றுவிட்டேன். அப்போது மகன் என் கலத்தின் அளவுமானியைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தான். கரோல்பாக் தெருவில் அவனுக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்தபோது, பின்னால் இருக்கையைப் பிடித்துக்கொண்டு ஓடியவன் நான்.

சிங்கமீன் என்று ஒன்று உண்டு. அழகும் நஞ்சும் ஒருங்கே கொண்டது. நம் இந்தியப் பெருங்கடல், பசிபிக் பெருங்கடல் பக்கத்து மீன் அது. தொட்டியில் வளர்த்தவர்கள் கொண்டுபோய் விட்டதால் அட்லாண்டிக்கில் பரவியதாகக் கருதுகிறார்கள். 2009இல் பொனேரில் தென்பட்டது. அங்கே அதை அடக்கும் பகை இல்லாததால் சிறு மீன்களை எல்லாம் விழுங்கித் தீர்க்கிறது. அதை மட்டும் குத்திப் பிடிக்க அனுமதி உண்டு. குடிபெயர்ந்தவர்களின் பத்திரிகையில் எழுதும் எனக்கே இந்தக் குடிபெயர்ந்தவனுக்காகப் பரிந்து பேச வாய் வரவில்லை.

நான்காம் நாள் வேறொரு துறையில் இறங்கியபோது, பெரிய மூளைப் பவளம் ஒன்று பாதிக்குமேல் சுண்ணாம்பு போல் வெளுத்திருந்தது. கரையேறியதும் பயிற்சியாளரிடம் கேட்டேன். 2014இல் ஃப்ளாரிடாவில் தலைகாட்டிய கல்பவளத் திசுநோய் 2023இல் இங்கும் வந்துவிட்டதாம். அதே ஆண்டில் கடல் நீர் அளவுக்கு மீறிச் சூடேறிப் பல பவளங்கள் வெளுத்தன. தொட்டியில் கிருமிநாசினி கலந்து கருவிகளைக் கழுவச் சொல்வது அதற்காகத்தான். உடைந்த கிளைகளை நீருக்கடியில் நாற்றங்கால் போல் தொங்கவிட்டு வளர்த்துப் பாறையில் நடுகிறார்கள். "ஈட்டியைத் தடுத்தோம், நங்கூரத்தைத் தடுத்தோம். வெந்நீரைத் தடுக்கச் சட்டம் இல்லையே" என்றார் அந்த அம்மாள். பேத்தி முகக்கண்ணாடியுடன் கரையோரத்தில் மிதந்து மீன்களை எண்ணிக்கொண்டிருந்தாள். பத்து வயது நிறைந்தால்தான் அவளைக் கீழே விடுவார்கள். அதுவரை இவை இருக்குமா என்று நான் கேட்கவில்லை. அவள் காதில் விழும்.

ஹில்மா ஹூக்கர் என்ற கப்பல் 1984இல் கஞ்சாச் சரக்குடன் பிடிபட்டு மூழ்கிக் கிடக்கிறது. சுமார் 30 மீட்டர் ஆழம். மகன் போய்ப் பார்த்து வந்தான். எனக்கு அனுமதி இல்லை, ஆசையும் இல்லை.

மூழ்கியவர்கள் உடனே விமானம் ஏறக் கூடாது. அழுத்தத்தில் இரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் வெளியேற 18 மணி நேரமாவது வேண்டும். ஆகவே கடைசி நாள் தரையில்தான். தென்முனைக்குப் போனோம். அங்கே எனக்குப் பழக்கமான காட்சி காத்திருந்தது: உப்பளம்! பாத்தி பாத்தியாகக் கடல் நீர். அம்பாரம் அம்பாரமாக வெள்ளை உப்பு. நீரிலுள்ள நுண்ணுயிர்களால் பாத்திகள் இளஞ்சிவப்பாக மின்னின. அப்பால் பூநாரைகள் நின்றன. என் தந்தையார் தூத்துக்குடி உப்பளத்தில் கணக்கு எழுதியவர். உப்பு வாருபவர்களின் பாத வெடிப்புகளை நான் சிறுவயதில் கண்டிருக்கிறேன்.

கடலோரத்தில் வரிசையாகச் சிறு கல் வீடுகள். நாய்க் கூண்டோ, கோழிக் கூண்டோ என்றுதான் தோன்றும். 1850இல் அடிமைகள் படுத்துறங்கக் கட்டியவை. வாசல் இடுப்புயரம்கூட இல்லை. உப்பளம் அரசாங்கத்துக்குச் சொந்தம். அடிமைகளும் அரசாங்கத்துக்கே சொந்தம். குடும்பமோ வடக்கே ரின்கோன் என்ற ஊரில். வார இறுதியில் ஏழு மணி நேரம் நடந்து போய்ப் பெண்டு பிள்ளைகளைப் பார்த்துவிட்டு, மறுபடி நடந்து வருவார்களாம். 1863ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் நாள் விடுதலை கிடைத்தது. சரியாக 160 ஆண்டு கழித்து, 2023இல் நெதர்லாந்து மன்னர் மன்னிப்புக் கேட்டார்.

மகன் குனிந்து ஒரு வீட்டுக்குள் நுழைந்தான். நானும் நுழைந்தேன். உள்ளே நிமிர்ந்து நிற்க முடியவில்லை, உட்கார்ந்தோம். வாசல் வழியாகக் கடல் தெரிந்தது.

"ஏழு மணி நேரம் நடந்தார்களாம், அப்பா" என்றான்.

"உன் அம்மா இருந்திருந்தால் இந்தப் பேச்சே வந்திராது" என்றேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு நானே தொடர்ந்தேன். "ஆண்டுக்கு நான்கு மாதம் வருகிறேன். தில்லி வீட்டை விற்க மாட்டேன். அவள் வைத்த முருங்கை அங்கே இருக்கிறது. சங்கத்து வேலையும் இருக்கிறது. நீயும் ஆண்டுக்கு ஒருமுறை பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வா. தூத்துக்குடிக்குப் போவோம்."

"ஆறு மாதம்" என்றான்.

"நான்கு."

வெளியே வந்தபோது மருமகளும் பேத்தியும் கழுதைக்குட்டியுடன் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். விமான நிலையத்தில் வழியனுப்ப வந்திருந்த பயிற்சியாளர் "ஆயோ" என்றார். இம்முறை நான் திடுக்கிடவில்லை.

2027 பிப்ரவரியில் பேத்திக்குப் பத்து வயது நிறைகிறது. அதற்குள் நான் மருத்துவச் சான்றை மறுபடியும் வாங்க வேண்டும்.