துறைமுக வாசலில் ஓர் ஓட்டோ

கொம்பனித்தெருப் புகையிரத நிலையத்துக்கு அருகே ஓட்டோ நிறுத்தும் ஒருவரைப் பல ஆண்டுகளாக அறிவேன். பத்திரிகையில் இரவுப் பணி முடிந்த நாள்களில் என்னை வெள்ளவத்தையில் கொண்டுபோய்ச் சேர்த்தவர் அவர்தான்.

2022 இன் இறுதியில் உல்லாசப் பயணக் கப்பலொன்று ஏறத்தாழ இரண்டாயிரம் பயணிகளுடன் கொழும்புக்கு வந்தது. கியூஆர் குறியீட்டைக் காட்டி அளவோடு பெற்றோல் வாங்கிய காலம். அந்த வாரப் பங்கை மிச்சம் பிடித்து வைத்து, விடியுமுன்பே துறைமுக வாசலுக்குப் போய்விட்டார்.

மறுநாள், "எப்படித் தம்பி ஓட்டம்?" என்று கேட்டேன்.

"பஸ் பஸ்ஸா ஏத்திக்கிட்டுப் போயிட்டாங்க ஐயா. கங்காராமை, காலிமுகத்திடல், திரும்பவும் கப்பல். சாப்பாடும் அங்கதான். எனக்குக் கிடைச்சது ரெண்டே பேர்."

"கப்பல் வந்தது, டொலர் வந்தது" என்று தலைப்பிட்டவர்களில் நானும் ஒருவன். கப்பலில் எத்தனை பேர் வந்தார்கள் என்று எழுதினேனே தவிர, அவர்கள் கரையில் என்ன செலவழித்தார்கள் என்று ஒருநாளும் விசாரித்ததில்லை. விமானத்தில் வருபவருக்கு இங்கே படுக்கை வேண்டும், சோறு வேண்டும், சலவைக்காரர் வேண்டும். கப்பலில் வருபவருக்கு இவையெல்லாம் கப்பலிலேயே உண்டு. ஊர் சுற்றும் பயணச்சீட்டைக்கூடப் பெரும்பாலும் கப்பலிலேயே விற்றுவிடுகிறார்கள். துறைமுகத்துக்குக் கட்டணமும் முகவருக்குத் தரகும் கிடைக்கின்றன. தெருவுக்கு வருவது சில்லறை.

கடலுக்குப் போவதோ சில்லறையன்று. கரையிலிருந்து 12 கடல் மைலுக்கு அப்பால், ஓடும் கப்பல் சுத்திகரிக்காத மலக்கழிவையும் கடலில் விடலாம் என்பது சர்வதேச விதி. குளியலறை, சமையலறைக் கழிவுநீருக்கு அந்த அளவு கட்டுப்பாடுகூட அவ்விதியில் இல்லை. இரகசியக் குழாய் வைத்து எண்ணெய்க் கழிவைக் கடலில் கொட்டிய குற்றத்தை ஒப்புக்கொண்டு, 2016 இல் பிரின்சஸ் நிறுவனம் அமெரிக்காவில் 4 கோடி டொலர் தண்டம் செலுத்த இணங்கியது.

இத்தாலி 2021 இல் பெருங்கப்பல்களை வெனிஸ் நகர்க் கால்வாயிலிருந்து விலக்கியது. சன்டோரினித் தீவில் இறங்கும் கப்பல் பயணியிடம், உச்சப் பருவத்தில், தலைக்கு 20 யூரோ அறவிடும் விதியை கிரேக்கம் 2025 ஜூலையில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. நாமோ ஒவ்வொரு கப்பலையும் கண்டிய நடனத்தோடு வரவேற்கிறோம். 2023 ஜூனில் சென்னையிலிருந்து புறப்பட்ட எம்பிரஸ் காங்கேசன்துறையை அடைந்தபோது நானும் மகிழ்ந்தேன், மறைக்கவில்லை. மூடிக் கிடந்த துறையல்லவா! ஆனால், வற்றாத ஆறில்லாமல் பெரும்பாலும் நிலத்தடி நீரை நம்பியிருக்கும் குடாநாடு இத்தகைய விருந்தாளிகளை எத்தனை முறை தாங்கும் என்று அன்று நான் கேட்கவில்லை.

ஓட்டோக்காரரிடம் இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"அடுத்த கப்பல் எப்பன்னு பேப்பர்ல வந்தா சொல்லுங்க ஐயா."