விதைக்காத வயலும் விளையாத பாத்தியும்

சாம்பியன் ரீப்ஸில் தங்கம் நின்றது. ஹெப்பாளில் ராகி நிற்கவில்லை

கோலார் தங்கவயல் என்று தமிழில் சொல்லிப் பழகியவர்கள் வயலை விட்டு ஓடி வந்தவர்கள். வட ஆற்காட்டிலும் சேலத்திலும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள், களை பறித்தவர்கள், பஞ்சம் வந்தால் முதலில் பட்டினி கிடந்தவர்கள். 1880ல் ஜான் டெய்லர் கம்பெனி சுரங்க வேலையைத் தொடங்கிய பிறகு அவர்கள் குடும்பம் குடும்பமாக வந்து சேர்ந்தார்கள். கிடைத்த வயலோ விசித்திரமானது. விதைப்பு கிடையாது, அறுவடை மட்டும்தான்.

அந்த அறுவடையின் உச்சம் சாம்பியன் ரீப்ஸ். இங்கே சுரங்கம் 3 கிலோமீட்டருக்கு மேல் கீழே இறங்கியது. அந்த ஆழத்தில் பாறையின் வெப்பம் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. பாறைகள் திடீரென்று வெடித்து ஆட்களைப் பலி வாங்கின. ஆரம்ப காலத்தில் ஒரு டன் பாறைக்கு 40 கிராமுக்கு மேல் கிடைத்த தங்கம், கடைசியில் 3 கிராம் அளவுக்கு இறங்கியது. எடுக்கிற செலவு விற்கிற விலையைத் தாண்டிப் பல வருடங்கள் ஆன பிறகு, 2001 பிப்ரவரி 28ல் சுரங்கத்தை மூடினார்கள். சுமார் 120 வருடக் கணக்கு, 800 டன் தங்கத்தோடு முடிந்தது.

மிச்சம் இருப்பது சயனைடு மேடுகள். தங்கத்தைப் பிரித்த பிறகு கொட்டிய அரைத்த பாறை, சுமார் 3.3 கோடி டன். வெயிலில் வெள்ளையும் மஞ்சளுமாகப் பளபளக்கும். காற்றடித்தால் லைன் வீடுகளுக்குள் தூசி வந்து படியும். மரக்கன்று நட்டுப் பார்த்திருக்கிறார்கள். சில சரிவுகளில் பச்சை தெரிகிறது, பல இடங்களில் புல் கூட இல்லை.

சுரங்கத்தின் சங்கு ஓய்ந்த ஊரில் இப்போது நேரம் காட்டுவது ரயில். மாரிக்குப்பத்தில் கிளம்பி சாம்பியன், உரிகம், கோரமண்டல் என்று ஆட்களை அள்ளிக்கொண்டு, பங்காருபேட்டை வழியாகப் பெங்களூர் போகிறது. கூலி வேலையிலிருந்து கம்ப்யூட்டர் வேலை வரை எல்லாவற்றுக்கும் அதுதான் வழி. பங்காருபேட்டை தாண்டியதும் ஜன்னலுக்கு வெளியே நிஜமான வயல்கள் வரும். ராகி, தக்காளி, நடுநடுவே தைல மரத் தோப்பு. வற்றாத ஆறு ஒன்று கூட இல்லாத மாவட்டம் இது. ஆயிரம் அடிக்குக் கீழே போர் போட்டுத் தண்ணீர் தேடும் விவசாயிக்கும் சுரங்கத் தொழிலாளிக்கும் ஆழம் பற்றிய அனுபவம் ஒன்றுதான்.

பெங்களூரின் வடக்கே, பல்லாரி சாலையில் ஹெப்பாள். 1902ல் சிவசமுத்திரத்தின் மின்சாரம் தங்கவயலுக்கு வந்தது. அதற்கு மூன்று வருடம் முன்னால், 1899ல், மைசூர் மகாராணி கெம்ப நஞ்சம்மண்ணி கொடுத்த 30 ஏக்கரில் ஹெப்பாள் ஆராய்ச்சிப் பண்ணை தொடங்கியது. லேமன் என்ற விஞ்ஞானி மண்ணைச் சோதித்தார். அவருக்குப் பின் வந்த கனடாக்காரர் லெஸ்லி கோல்மன் காலத்தில், 1913ல், பண்ணையோடு பள்ளிக்கூடமும் சேர்ந்தது. 1946ல் கல்லூரி, 1960களில் பல்கலைக்கழகம். இன்று ஜி.கே.வி.கே. என்று எல்லோரும் சொல்லும் வளாகம் ஆயிரம் ஏக்கருக்கு மேல் விரிந்து கிடக்கிறது.

பள்ளிக்கூடத்துப் பண்ணையை நடத்துவது இரண்டு எஜமானர்களுக்கு வேலை செய்வது போல. ஒருவர் மழை, இன்னொருவர் பரீட்சை அட்டவணை. ஜூலையில் ராகி நாற்று பிடுங்கத் தயாராக இருக்கும்போது மாணவன் லீவில் ஊருக்குப் போயிருப்பான். அவன் திரும்பி வந்து நட்டால், வரிசை பாம்பு போல வளையும். கைதேர்ந்த பெண்ணாள் ஒரு மணி நேரத்தில் முடிக்கும் பாத்திக்கு அவனுக்கு ஒரு காலைப்பொழுது வேண்டும். கற்றுக்கொள்ள அதைத் தவிர வேறு வழியும் இல்லை. மாட்டுத் தொழுவத்துக்கோ பொங்கல் விடுமுறை கிடையாது. விதைக்காக விடும் வயலில் கலவன் செடி ஒன்று தப்பினாலும், அதன் வாரிசு பல ஊர்களுக்குப் போய்விடும்.

லாபம் மட்டுமே நோக்கமானால் இதையெல்லாம் குத்தகைக்கு விட்டுவிடலாம். வேடிக்கை காட்டுவது நோக்கமானால் அதற்கும் முன்னுதாரணம் உண்டு. 1865ல் சென்னை கவர்னர் டெனிசன் காலத்தில் சைதாப்பேட்டையில் அரசுப் பண்ணை அமைத்து, இங்கிலாந்திலிருந்து நீராவிக் கலப்பையை இறக்கினார்கள். அது எந்தக் குடியானவன் கொல்லைக்கும் போய்ச் சேரவில்லை. அங்கே முளைத்த விவசாயப் பள்ளிதான் 1906ல் கோவைக்கு இடம் பெயர்ந்து, பின்னால் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமாக வளர்ந்தது.

ஹெப்பாளின் சரக்கு குடியானவனிடம் போய்ச் சேர்ந்தது. தங்கவயல் வீடுகளில் களிக்குத் துணை பிதுக்கம் பருப்புக் குழம்பு. அதற்கான அவரை ஒரு காலத்தில் பகல் குறுகும் மார்கழி, தை மாதங்களில்தான் காய்க்கும். பகலின் நீளத்தைப் பார்க்காமல் எந்தப் பருவத்திலும் காய்க்கும் ஹெப்பாள் அவரை ரகங்கள் வந்த பிறகு கோடையிலும் சந்தையில் அவரை கிடைக்கிறது. களியின் கதையும் அப்படித்தான். மண்டியாவின் வி.சி. பண்ணையில் லட்சுமணய்யா என்ற விஞ்ஞானி இந்திய ராகியையும் ஆப்பிரிக்க ராகியையும் கலந்து ‘இண்டாஃப்’ வரிசையை உருவாக்கினார். 1990களில் ஜி.கே.வி.கே. கொடுத்த ஜி.பி.யு. 28, குலை நோய்க்குத் தாக்குப்பிடித்து மானாவாரி நிலங்களில் பரவியது.

ஆனால் இந்தப் பண்ணையின் மிக மதிப்புள்ள பாத்திகளில் ஒன்று, விளையாத பாத்தி. 1978லிருந்து இங்கே மானாவாரி ராகியில் ஒரு சோதனை நடக்கிறது. ஒரு பாத்திக்கு எந்த உரமும் கிடையாது. ஒன்றுக்கு ரசாயன உரம் மட்டும். இன்னொன்றுக்கு அதோடு ஹெக்டேருக்கு 10 டன் தொழு உரம். பட்டினி போட்ட பாத்தி வருடா வருடம் சூம்பியது. ரசாயனம் மட்டும் தின்ற பாத்தி முதலில் நன்றாக விளைந்து, பிறகு படிப்படியாகச் சரிந்தது. தொழு உரமும் சேர்ந்த பாத்தி நிலைத்து நின்றது. கோவையில் இதே மாதிரிச் சோதனை 1909லிருந்து நடக்கிறது. ஒரு நிலத்தை நூறு வருடம் பட்டினி போட எந்த விவசாயிக்கும் வசதி இல்லை. ஏழாவது வருடம் சரிவு தொடங்கினால், அது மழையின் குற்றமா மண்ணின் குற்றமா என்று சொல்லவும் அவனால் முடியாது. அந்த நஷ்டத்தை அவனுக்காகப் பள்ளிக்கூடத்துப் பண்ணை ஏற்றுக்கொள்கிறது.

வரவு செலவு பார்த்தே நடந்த சாம்பியன் ரீப்ஸிலும் இப்படி ஒரு மூலை இருந்தது. 1965ல் இந்திய, ஜப்பானிய, ஆங்கிலேய விஞ்ஞானிகள் பூமிக்குள் 2 கிலோமீட்டருக்கும் கீழே கருவிகளை வைத்து, காற்று மண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோ துகளின் தடயத்தைப் பதிவு செய்தார்கள். உலகில் முதலில் அதைக் கண்டவர்களில் அவர்களும் உண்டு. அந்த மூலையில் ஒரு கிராம் தங்கம் கூட எடுக்கவில்லை. இன்று சுரங்கத்துக்குள் தண்ணீர் நிற்கிறது. இயற்பியல் வரலாற்றில் சாம்பியன் ரீப்ஸின் பெயரும் நிற்கிறது.

சுரங்கம் மூடியதிலிருந்து தங்கவயல் நிலத்துக்கு யோசனைகளுக்குப் பஞ்சமில்லை. தொழிற்பேட்டை என்கிறார்கள், மேட்டிலுள்ள மண்ணை மறுபடி அலசினால் தங்கம் வரும் என்கிறார்கள். எல்லாமே இன்னொரு அறுவடைக்கான திட்டங்கள். அந்த மேட்டில் எந்தச் செடி பிழைக்கும், எத்தனை வருடத்தில் தூசி அடங்கும் என்பது, சில பாத்திகளைப் பிடித்துவைத்துத் தோல்விகளையும் நோட்டில் எழுதிக்கொண்டே போனால்தான் தெரியும். ரயிலேறினால் ஒரு காலைப்பொழுதில் எட்டிவிடும் ஹெப்பாளில் அந்த வேலை தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். வயலை விட்டு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் அதே ரயிலில்தான் தினமும் போய் வருகிறார்கள்.